இமயமலைதான் பூமியைக் குளிரவைத்ததா? சிப்பி ஓட்டில் இருக்கும் 4 கோடி ஆண்டுக் கணக்கு

சென்னை மெரினாவில் ஒதுங்கிய ஒரு சிப்பி ஓடு. தென் அமெரிக்காவின் சிலி நாட்டுக் கடற்கரையில் எடுத்த இன்னொரு ஓடு. கடலும் வேறு, உயிரினமும் வேறு. ஆனால், இரண்டையும் ஆய்வகத்தில் கரைத்து, உள்ளே இருக்கும் ஸ்ட்ரான்ஷியம் என்ற தனிமத்தை அளந்தால் ஒரே எண்தான் வரும்: 0.7092.

4 கோடி ஆண்டுகளுக்கு முன்பு கடலில் வாழ்ந்த உயிரினத்தின் ஓட்டை அளந்தால் அந்த எண் 0.7077. டைனோசர்கள் திரிந்த காலத்தில், சுமார் 16 கோடி ஆண்டுகளுக்கு முன்பு உருவான ஓடு என்றால் 0.7068.

மூன்றாவது, நான்காவது தசம இடத்தில் நடக்கும் குட்டி மாற்றம்தான். ஆனால் பழங்காலக் கடல் நீர் எப்படி இருந்தது, எந்த மலை எப்போது கரைந்தது, பூமி ஏன் குளிர்ந்தது என்ற கேள்விகளுக்கெல்லாம் இந்த எண்ணிலிருந்துதான் விஞ்ஞானிகள் தொடங்குகிறார்கள். இமயமலை உயர்ந்ததால்தான் பூமி குளிர்ந்ததா என்ற விவாதம் 30 ஆண்டுகளுக்கும் மேலாக ஓடிக்கொண்டிருப்பதும் இதை வைத்துத்தான்.

ஸ்ட்ரான்ஷியமா? அது ஆபத்தானது இல்லையா?

ஸ்ட்ரான்ஷியம் என்றதும் அணுகுண்டு சோதனையும் செர்னோபில் விபத்தும் நினைவுக்கு வரலாம். அது ஸ்ட்ரான்ஷியம்-90. அணு உலையிலும் அணுகுண்டு வெடிப்பிலும் உருவாகும் கதிரியக்க வகை.

இங்கே பேசுவது அதைப் பற்றி இல்லை. இயற்கையில் இருக்கும் ஸ்ட்ரான்ஷியம் கதிர்வீச்சு இல்லாத சாதாரணப் பொருள். ஸ்காட்லாந்தில் உள்ள ஸ்ட்ரான்ஷியன் என்ற ஊர்ச் சுரங்கத்தில் கிடைத்த கனிமத்திலிருந்துதான் இந்தப் பெயரே வந்தது. கடல் நீரில் லிட்டருக்குச் சுமார் 8 மில்லி கிராம் இருக்கிறது. நாம் கடலில் குளிக்கும்போதெல்லாம் அதில்தான் குளிக்கிறோம்.

இயற்கை ஸ்ட்ரான்ஷியத்தில் 84, 86, 87, 88 என எடையில் மட்டும் வேறுபடும் 4 வகை அணுக்கள் உண்டு. இவற்றைத்தான் ஐசோடோப்புகள் என்கிறோம். இந்தக் கதையில் இரண்டு பேர்தான் முக்கியம்: 86-ம் 87-ம். ஸ்ட்ரான்ஷியம்-87-ஐ ஸ்ட்ரான்ஷியம்-86-ஆல் வகுத்தால் கிடைப்பதுதான் அந்த 0.7092.

தசமம் குழப்பினால் இப்படி வைத்துக்கொள்ளலாம். இன்றைய கடல் நீரில் 10 லட்சம் 86 அணுக்கள் இருந்தால், கூடவே சுமார் 7,09,200 எண்ணிக்கையில் 87 அணுக்கள் இருக்கும். 16 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய கடலில் அது சுமார் 7,06,800. வித்தியாசம் 10 லட்சத்துக்கு வெறும் 2,400. இன்றைய கருவிகளால் 10 லட்சத்துக்கு 20 என்ற அளவிலான வித்தியாசத்தையே பிரித்துப் பார்க்க முடியும் என்பதால், 2,400 என்பது ரொம்பப் பெரிய மாற்றம்.

எண் ஏன் மாறுகிறது?

காரணம், ருபிடியம். ருபிடியம்-87 என்ற கதிரியக்கத் தனிமம் மெதுவாகச் சிதைந்து ஸ்ட்ரான்ஷியம்-87 ஆக மாறும். மெதுவாக என்றால், இருப்பதில் பாதி சிதையவே சுமார் 4,900 கோடி ஆண்டுகள் ஆகும். பூமியின் வயதே 454 கோடிதான்.

பொட்டாசியம் எங்கே அதிகமோ, அங்கே ருபிடியமும் அதிகம். கண்டங்களின் பழைய கிரானைட் போன்ற பாறைகளில் பொட்டாசியம் நிறைய உண்டு. அதனால் கோடிக்கணக்கான ஆண்டுகளில் அந்தப் பாறைகளில் ஸ்ட்ரான்ஷியம்-87 சேர்ந்துகொண்டே போகும். கடல் தரையில் உருவாகும் பசால்ட் எரிமலைப் பாறையில் ருபிடியம் குறைவு. எனவே அதில் 87-ம் குறைவு.

கடலுக்கு ஸ்ட்ரான்ஷியம் வரும் முக்கியமான வழிகள் இரண்டு. ஒன்று, கண்டத்துப் பாறைகளைக் கரைத்துக் கொண்டுவரும் ஆறுகள். உலக ஆறுகளின் சராசரி, 10 லட்சத்துக்குச் சுமார் 7,11,000 முதல் 7,12,000 வரை. இன்னொன்று, கடலடி எரிமலை மலைத்தொடர்களில் உள்ள வெந்நீர் ஊற்றுகள். அவற்றின் அளவு சுமார் 7,03,500.

ஒரே தொட்டிக்கு இரண்டு குழாய். ஆற்றுக் குழாய் அதிகமாகத் திறந்தால் கடலின் எண் ஏறும். எரிமலைக் குழாய் அதிகமாகத் திறந்தால் இறங்கும். ஆற்றுக் குழாயில் வரும் நீரின் தன்மையே மாறினாலும் எண் மாறும். இந்தக் கடைசி வாக்கியம் கொஞ்சம் நினைவில் இருக்கட்டும். இமயமலைக் கதையில் சிக்கலே அங்கேதான்.

உலகம் முழுக்க ஒரே எண் எப்படி?

கடலுக்குள் வரும் ஒரு ஸ்ட்ரான்ஷியம் அணு, படிவாகி வெளியேறுவதற்கு முன் சராசரியாக 20 லட்சம் ஆண்டுகளுக்கும் மேல் தண்ணீரிலேயே சுற்றுகிறது. உலகக் கடல்கள் ஒன்றோடொன்று கலக்கவோ ஆயிரம் ஆண்டுகள் என்ற கணக்கில் நேரம் இருந்தால் போதும். ஆக, வெளியேறுவதற்குள் ஒவ்வொரு அணுவும் பல நூறு முறை உலகைச் சுற்றிவிடும். எங்கே மொண்டு எடுத்தாலும் ஒரே எண் வருவது இதனால்தான்.

இன்னொரு காரணமும் உண்டு. ஆற்று நீரில் இருப்பதைவிடக் கடல் நீரில் ஸ்ட்ரான்ஷியம் சுமார் 100 மடங்கு அதிகம். அதனால் ஆற்று முகத்துவாரங்களில் நன்னீர் மிக அதிகமாகக் கலக்கும் இடங்களைத் தவிர, ஓர் ஆறு வந்து சேர்வதால் மட்டும் கடலின் எண் அசைந்துவிடாது.

ஓட்டுக்குள் எப்படிப் பதிவாகிறது?

தனிம அட்டவணையில் கால்சியத்துக்கு நேர் கீழே இருப்பது ஸ்ட்ரான்ஷியம். வேதியியல் குணம் கிட்டத்தட்ட ஒன்றுதான். சிப்பியோ நுண்ணுயிரோ ஓடு கட்டுவதற்காகக் கடலிலிருந்து கால்சியத்தை எடுக்கும்போது, கூடவே கொஞ்சம் ஸ்ட்ரான்ஷியமும் கால்சியத்தின் இடத்தில் போய் உட்கார்ந்துவிடும்.

முக்கியமான விஷயம், இந்த ஓடுகளில் ருபிடியம் ஏறக்குறைய இருக்கவே இருக்காது. அதனால் ஓடு உருவான பிறகு புதிதாக ஸ்ட்ரான்ஷியம்-87 உள்ளே முளைக்காது. அன்றைய கடலின் எண் அப்படியே பூட்டப்பட்டுவிடும். ஓடு கெடாமல் இருந்தால் 10 கோடி ஆண்டுகள் கழித்துத் திறந்து பார்த்தாலும் அதே எண்தான்.

யார் முதலில் யோசித்தது?

1948-ல் சுவீடன் நாட்டுப் புவிவேதியியலாளர் விக்மன் இந்த யோசனையை முன்வைத்தார். ருபிடியம் தொடர்ந்து சிதைகிறது, எனவே கடலின் எண்ணும் காலப்போக்கில் சீராக ஏறும், அதைக் கடிகாரம்போலப் பயன்படுத்தலாம் என்பது அவர் கணக்கு.

1970-ல் அமெரிக்காவில் பீட்டர்மேன், ஹெட்ஜ், டூர்ட்டெலோ ஆகியோர் பழைய கடல் உயிரினங்களின் ஓடுகளை அளந்தபோது, கோடு சீராக ஏறவில்லை. ஏறியும் இறங்கியும் இருந்தது. 1982-ல் மொபில் எண்ணெய் நிறுவன ஆய்வாளர் பர்க் தலைமையிலான குழு 786 மாதிரிகளை வைத்து, 50 கோடி ஆண்டுகளுக்கும் மேலான முழு வரைபடத்தை வெளியிட்டது. மலைப்பாதை போல ஏற்ற இறக்கத்தோடு இருக்கும் அந்த வரைபடம்தான் இன்றைக்கும் அடிப்படை. பின்னால் வந்தவர்கள் அதைத் துல்லியமாக்கினார்கள்.

எண்ணெய் நிறுவனத்துக்கு இதில் என்ன அக்கறை? பாறையின் வயது. எண்ணெய் தேடித் துளையிடும்போது எந்த அடுக்கு எந்தக் காலத்தது என்று தெரிவது அவர்களுக்குப் பெரிய விஷயம்.

வயது சொல்வது எப்படி?

வரைபடம் கையில் இருந்தால் வேலை சுலபம். வயது தெரியாத பாறையிலிருந்து நல்ல ஓடு ஒன்றை எடுத்து, எண்ணை அளந்து, வரைபடத்தில் அந்த எண் எங்கே வருகிறது என்று பார்க்க வேண்டும். கோடு செங்குத்தாக ஏறும் காலங்களில் வயதைச் சில லட்சம் ஆண்டுகள் துல்லியத்தில் சொல்லிவிடலாம். கோடு படுத்திருக்கும் காலங்களில் இந்த முறை அவ்வளவாகக் கைகொடுக்காது.

இன்னொரு சிக்கல், ஒரே எண் பல காலங்களில் வரும். சுமார் 50 கோடி ஆண்டுகளுக்கு முன்பு, கேம்பிரியன் காலத்தின் கடைசியிலும் எண் இன்றைய அளவை ஒட்டியே இருந்தது. எண்ணை மட்டும் பார்த்தால் நேற்று ஒதுங்கிய சிப்பியா, 50 கோடி ஆண்டுப் பழசா என்று சொல்ல முடியாது. கூடவே கிடைக்கும் உயிரினங்கள் எவை என்று பார்த்துத்தான் முடிவுக்கு வர முடியும்.

ஒரு கடல் மற்ற கடல்களிடமிருந்து துண்டிக்கப்பட்டதா என்பதையும் இந்த எண் காட்டிக்கொடுக்கும். சுமார் 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பு அட்லாண்டிக்கோடு இருந்த தொடர்பு சுருங்கி, மத்திய தரைக்கடல் வற்றத் தொடங்கியது. அதன் அடியில் இப்போதும் சில இடங்களில் 1 கி.மீ.க்கும் தடிமனான உப்பு அடுக்கு இருக்கிறது. அந்த நிகழ்வின் கடைசிக் கட்டத்தைச் சேர்ந்த ஓடுகளை அளந்தால், அன்றைய உலகக் கடலின் எண்ணைவிடத் தெளிவாகக் குறைவாக வருகிறது. பெருங்கடல் நீர் உள்ளே வரவில்லை, நைல் போன்ற ஆறுகளின் நீரே ஆதிக்கம் செலுத்தியது என்பதற்கு இது வலுவான சாட்சி. எத்தியோப்பிய எரிமலைப் பாறைகளைக் கடந்து வரும் நைலின் எண் ரொம்பக் குறைவு.

தமிழ்நாட்டிலும் இதற்கு இடம் உண்டு. அரியலூர், பெரம்பலூர் பகுதிகள் டைனோசர் காலத்தின் கடைசிக் கட்டத்தில் கடலுக்கு அடியில் இருந்தவை. அங்கே கிடைக்கும் சிப்பிகளும் அம்மோனைட்டுகளும் புவியியல் மாணவர்களுக்கு நன்றாகத் தெரிந்தவை. அந்தப் படிவுகளிலும் ஸ்ட்ரான்ஷியம் விகிதத்தை ஆய்வாளர்கள் அளந்திருக்கிறார்கள்.

எல்லா ஓட்டையும் நம்பலாமா?

கூடாது. மண்ணுக்குள் கிடக்கும் ஓட்டின் வழியே லட்சக்கணக்கான ஆண்டுகள் நிலத்தடி நீர் ஓடியிருக்கும். அந்த நீர் ஓட்டைக் கொஞ்சம் கரைத்து, தன்னிடம் உள்ள தாதுவை வைத்துப் புதிதாகக் கட்டிவிடலாம். வெளியே பார்க்க அழகான புதைபடிவம். உள்ளே இருப்பதோ பழைய கடல் இல்லை, பின்னால் வந்த நிலத்தடி நீர்.

அதனால் ஆய்வாளர்கள் முதலில் செய்வது வடிகட்டல். அம்மோனைட் ஓடு அரகோனைட் என்ற கனிமத்தால் ஆனது, எளிதில் மாறிவிடும். சில வகைச் சிப்பிகள், பெலம்னைட், ஃபோராமினிஃபெரா போன்றவற்றின் கால்சைட் ஓடு கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். மைக்ரோஸ்கோப்பில் ஓட்டின் உள் அமைப்பு அப்படியே இருக்கிறதா என்று பார்ப்பார்கள். மாங்கனீசு, இரும்பு அளவு அதிகமா என்று சோதிப்பார்கள். அதிகம் என்றால் நிலத்தடி நீர் உள்ளே புகுந்திருக்கலாம் என்று அந்த மாதிரியை ஒதுக்கிவிடுவார்கள்.

தேறிய ஓட்டை அமிலத்தில் கரைத்து, அதிலிருந்து ஸ்ட்ரான்ஷியத்தை மட்டும் தனியாகப் பிரிப்பார்கள். ருபிடியம்-87-ம் ஸ்ட்ரான்ஷியம்-87-ம் ஏறக்குறைய ஒரே எடை என்பதால், துளி ருபிடியம் மிச்சமிருந்தாலும் கணக்கு தப்பாகிவிடும். பிரித்ததை மெல்லிய உலோக இழையில் வைத்துச் சூடாக்கி, மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரில் அணுக்களை எடைவாரியாகப் பிரித்து எண்ணுவார்கள். உலக ஆய்வகங்கள் எல்லாம் ஒரே தர மாதிரியை அளந்து தங்கள் கருவியைச் சரிபார்த்துக்கொள்ளும்.

இமயமலை எங்கே வருகிறது?

இப்போது விவாதத்துக்கு வருவோம். சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முன்பு பூமி ரொம்ப வெப்பமாக இருந்தது. துருவங்களில் பெரிய பனிப்பாளங்கள் கிடையாது. பிறகு குளிரத் தொடங்கி, 3.4 கோடி ஆண்டுகளுக்கு முன்பு அண்டார்டிகாவில் நிரந்தரப் பனிப்பாளம் உருவானது.

கிட்டத்தட்ட இதே காலகட்டத்தில் இன்னொன்றும் நடந்தது. வடக்கு நோக்கி நகர்ந்த இந்திய நிலத்தட்டு ஆசியாவோடு மோதி, இமயமலையும் திபெத் பீடபூமியும் உயர்ந்தன. ஆழ்கடல் மண்ணிலிருந்து எடுத்த ஃபோராமினிஃபெரா ஓடுகளைப் பார்த்தால், சுமார் 4 கோடி ஆண்டுகளாகக் கடலின் ஸ்ட்ரான்ஷியம் எண் 0.7077-லிருந்து 0.7092-க்கு ஏறியபடியே இருக்கிறது.

அமெரிக்க விஞ்ஞானிகள் மவ்ரீன் ரேமோவும் வில்லியம் ருடிமனும் இந்த மூன்றையும் முடிச்சுப்போட்டார்கள். 1988-லும் 1992-லும் வெளியான அவர்களின் கட்டுரைகள் சொன்னது இதுதான்: மலை உயர்ந்ததும் மழையும் பனியாறுகளும் பாறையை வேகமாக உடைத்தன. மழை நீரில் கரைந்த கார்பன் டை ஆக்சைடு சிலிகேட் பாறையோடு வினைபுரியும். அதில் விடுபடும் கால்சியம் ஆறு வழியாகக் கடலுக்குப் போய்ச் சுண்ணாம்பாகப் படியும்போது, அந்தக் கார்பனும் கூடவே புதைந்துவிடும். காற்றில் கார்பன் டை ஆக்சைடு குறைந்தது, பூமி குளிர்ந்தது. ஏறும் ஸ்ட்ரான்ஷியம் எண் அதற்குச் சாட்சி.

இந்தியாவிலிருந்தும் இதற்கு வலு சேர்க்கும் தரவு வந்தது. அகமதாபாத் இயற்பியல் ஆய்வகத்தின் எஸ்.கிருஷ்ணசுவாமியும் சக ஆய்வாளர்களும் கங்கை, பிரம்மபுத்திரா நீரில் ஸ்ட்ரான்ஷியத்தை அளந்து 1992-ல் வெளியிட்டார்கள். கங்கையின் அளவு 10 லட்சத்துக்கு 7,20,000-ஐத் தாண்டுகிறது. உலக ஆறுகளின் சராசரியைவிட மிக அதிகம். கடலின் எண்ணை மேலே தள்ளுவதில் இமயமலை ஆறுகளுக்குப் பெரிய பங்கு உண்டு என்பது இதில் தெரிந்தது.

அப்போ வழக்கு முடிந்ததா?

இல்லை. ஆற்றுக் குழாயில் வரும் நீரின் தன்மை மாறினாலும் எண் மாறும் என்று பார்த்தோம் இல்லையா? இங்கேதான் அது வந்து நிற்கிறது.

பாறைகளில் இரண்டு வகையைப் பிரித்துப் பார்க்க வேண்டும். சிலிகேட் பாறை கரைந்தால் காற்றிலுள்ள கார்பன் நீண்ட காலத்துக்குப் புதைகிறது. சுண்ணாம்புக்கல் கரைந்தால் அப்படி இல்லை. கரையும்போது எடுத்த கார்பனை, கடலில் மறுபடி சுண்ணாம்பாகப் படியும்போது திருப்பிக் கொடுத்துவிடும். கணக்கில் லாபம் பூஜ்யம்.

வழக்கமாகச் சுண்ணாம்புக்கல்லின் ஸ்ட்ரான்ஷியம் எண் குறைவாக இருக்கும். எனவே எண் ஏறினால் சிலிகேட் கரைகிறது என்று எடுத்துக்கொள்ளலாம் என நினைத்தார்கள். இமயமலை இந்த விதியை மீறுகிறது. அங்கே மலை உருவான வெப்பத்திலும் அழுத்தத்திலும் பக்கத்துச் சிலிகேட் பாறைகளின் ஸ்ட்ரான்ஷியம்-87 சுண்ணாம்புப் பாறைகளுக்குள்ளும் ஏறியிருக்கிறது. ஆக, அங்கே சுண்ணாம்பு கரைந்தாலும் கடலின் எண் ஏறும். காற்றிலுள்ள கார்பன் மட்டும் குறையாது.

நங்கா பர்பத் பகுதியில் உள்ள ரைகோட் பனியாற்றுப் படுகையில் செய்து 1998-ல் வெளியான ஆய்வு இதைப் பளிச்சென்று காட்டியது. அங்கே பாறையில் சுண்ணாம்புக் கனிமம் சுமார் 1 சதவீதம்தான். ஆனால் நீரில் கரைந்துவரும் பைகார்பனேட்டில் 82 சதவீதம் அந்த 1 சதவீதத்திலிருந்து வந்தது. சிலிகேட்டின் பங்கு 18 சதவீதம் மட்டுமே.

கணக்கு ரீதியாகவும் ஒரு கேள்வி எழுந்தது. எரிமலைகள் வெளியிடும் கார்பனைவிடப் பாறைகள் புதைக்கும் கார்பன் நீண்ட காலத்துக்கு அதிகமாக இருந்தால், சில லட்சம் முதல் சில கோடி ஆண்டுகளுக்குள் காற்றில் கார்பன் டை ஆக்சைடே மிஞ்சாது. அப்படி நடக்கவில்லை. பூமி குளிரும்போது மற்ற இடங்களில் பாறை கரையும் வேகம் குறைந்து, தராசு சமநிலைக்கு வந்திருக்க வேண்டும்.

மூன்றாவதாக வங்காள விரிகுடா. இமயமலை மண் வந்து படிந்து உருவான, உலகின் மிகப் பெரிய கடலடி வண்டல் விசிறி அங்கேதான் இருக்கிறது. அந்த மண்ணோடு இலை தழை, மக்கு என உயிர்ப்பொருள் கார்பனும் சேர்ந்து புதைந்தது. இமயமலை பூமியைக் குளிரவைத்தது உண்மை என்றால், பாறை கரைந்ததைவிட இந்த வழியில்தான் அதிகக் கார்பன் போயிருக்கும் என்று 1997-ல் பிரான்ஸ்-லனோர், டெர்ரி ஆகிய ஆய்வாளர்கள் வாதிட்டார்கள்.

இதெல்லாம் இப்போது எதற்கு?

பசால்ட் பாறையைத் தூளாக்கி வயல்களில் தூவினால், அது கரையும்போது காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை இழுத்துக்கொள்ளும் என்ற யோசனை இப்போது பல நாடுகளில் சோதிக்கப்படுகிறது. இமயமலை இயற்கையாகச் செய்ததாகச் சொல்லப்படும் அதே வேலை. எந்தப் பாறை, எவ்வளவு வேகமாகக் கரைந்தால், எவ்வளவு கார்பன் நிஜமாகவே போகும் என்பது இரண்டுக்கும் பொதுவான கேள்வி. சுண்ணாம்பு கரைந்ததைச் சிலிகேட் என்று கணக்கு எழுதிவிட்டால், குறையாத கார்பனைக் குறைந்ததாகக் காட்டும் ஆபத்து இங்கேயும் உண்டு.

இன்னொன்று, இயற்கையின் இந்தத் தராசு சமநிலைக்கு வர லட்சக்கணக்கான ஆண்டுகள் எடுக்கும். நாம் 200 ஆண்டுகளில் எரித்த நிலக்கரியையும் எண்ணெயையும் மலைகள் சரிசெய்துவிடும் என்று காத்திருக்க முடியாது.

ஸ்ட்ரான்ஷியம் எண் ஏறியது உண்மை. அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. ஏன் ஏறியது, அதனால் கார்பன் எவ்வளவு குறைந்தது என்பதில்தான் கருத்து வேறுபாடு. அதனால் ஆய்வாளர்கள் வேறு சாட்சிகளையும் கூண்டில் ஏற்றுகிறார்கள். அதில் முக்கியமானது லித்தியம். சுண்ணாம்புப் பாறையில் லித்தியம் மிகக் குறைவு என்பதால், சிலிகேட் பாறை என்ன ஆனது என்பதை அது நேரடியாகச் சொல்லும். கடந்த 6 கோடி ஆண்டுகளுக்கும் மேலான கடலின் லித்தியம் வரைபடம் 2012-ல் வெளியானது. அதிலும் கோடு ஏறுகிறது. அந்த ஏற்றத்துக்கு என்ன அர்த்தம் என்பதில்தான் அடுத்த சுற்று விவாதம் நடக்கிறது.